எண் ஒன்றை இட்டால் உயரம் வந்துவிடுமா?

வேலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகச் சுவரில் ஃபார்ட்டின் பாரமானி ஒன்று தொங்குகிறது. முதலாண்டு மாணவர்கள் அதில் அளவெடுத்துவிட்டு, "சார், 74 சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கிறது, கருவி கெட்டுவிட்டதா?" என்று கேட்பது ஆண்டுதோறும் நடப்பது. பாடநூலில் 76 என்றல்லவா இருக்கிறது! கருவியில் பழுதில்லை. வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த 216 மீட்டர் காற்று நம் தலைக்கு மேல் இல்லை. ஆகவே பாதரசம் 2 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து நிற்கிறது. விமானத்தின் உயரமானியும் பாரமானிதான். அழுத்தத்தை அளந்து, அதை அடிக் கணக்கில் சொல்கிறது.

இந்த எளிய உண்மையை நினைவூட்டக் காரணம், ஆம்பூரிலிருந்து நாள்தோறும் ரயிலில் வரும் மாணவர் ஒருவர். தந்தை காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகனுக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. வீட்டுக் கணினியில் 'சிமுலேட்டர்' எனப்படும் பறத்தல் நிரலை ஏற்றி, ஜெட் பயணி விமானத்தில் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறந்து பழகுகிறார். "எந்த உயரத்தில் பறந்தாய்?" என்று கேட்டேன். "38,000 அடி சார்" என்றார் பெருமையுடன். "ஏன் 38,000?" பதில் இல்லை. ஒரு கட்டம் இருந்ததாம். அதில் எண்ணை இட்டாராம்.

இந்த 'ஏன்' எங்கே போயிற்று என்பதே இவ்வகை நிரல்களின் மீது என் விமர்சனம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 1982-இல் வெளிவந்த முதல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 182 என்ற சிறு விமானமும், கோடுகளும் வண்ணப் பரப்புகளுமாகச் சில ஊர்களும் மட்டுமே இருந்தன. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பிலோ உலகம் முழுவதும் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலமும், வானிலைத் தரவுகளிலிருந்து காற்றும் மேகமும் வருகின்றன. பாலாற்று மணலையும் ஏலகிரிச் சரிவையும் மேலிருந்து பார்க்கலாம். விமானப் பயணச்சீட்டு எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய காரியமன்று.

ஆனால் அதே பதிப்பில் பயணத் திட்டம் எப்படி உருவாகிறது என்று கவனியுங்கள். உலக வரைபடத்தில் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் தொட்டால் போதும். வழியும் உயரமும் தாமே நிரம்பிவிடும். உயரத்தை மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நிரல் சொல்வதில்லை. அது வெளிவந்தபோது உடன் வந்த பயிற்சிப் பாடங்களும் செஸ்னா 152 என்னும் சிறு விமானத்துக்கானவை. பயணி விமானத்தில் ஏறி அமரலாம். பாடம் மட்டும் அப்போது இல்லை.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்திலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தொலைவு சுமார் 270 கிலோமீட்டர். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். பெங்களூர் ஓடுபாதையே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடியில் இருக்கிறது. எனவே 38,000 அடியிலிருந்து இறங்க வேண்டியது 35,000 அடி. அதற்கு 105 கடல் மைல், அதாவது 194 கிலோமீட்டர் தேவை. ஏறுவதற்கோ 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இரண்டையும் கூட்டினால் 390 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பயணமே 270 தான்! ஏறி முடியுமுன் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். நம் மாணவர் பெங்களூருக்கு மேலே பறந்து, வட்டமிட்டு வட்டமிட்டுத்தான் இறங்கினாராம். நிரல் வாய் திறக்கவில்லை.

உண்மையான போயிங் 737-இன் பறப்பு மேலாண்மைக் கணினி இப்படிச் சும்மா இருக்காது. இட்ட உயரத்தில் ஒரு நிமிடம்கூடச் சமமாகப் பறக்க வாய்ப்பில்லை என்று கணக்கில் தெரிந்தால், அந்த உயரம் இயலாது என்று திரையில் எச்சரிக்கும். இந்தத் தொலைவுக்கு எவ்வளவு உயரம் தகும் என்பதையும் அருகிலேயே காட்டும். அந்த ஒரு வரி எச்சரிக்கையில் ஒரு பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் சில கூடுதல் விமானங்களில் இந்த நுட்பங்கள் உண்டு. ஃப்ளைபைவயர் என்ற ஆர்வலர் குழு ஏர்பஸ் விமானத்தை இன்னும் துல்லியமாக்கி விலையின்றியே வழங்குகிறது. தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும். தேடத் தெரியாத மாணவருக்கு?

அப்படியானால் உயரே போவதில் என்ன லாபம்? 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். தடை குறைவதால், அதே எரிபொருளில் நெடுந்தொலைவு போகலாம். ஆனால் மெல்லிய காற்றில் கனமான விமானத்தைத் தாங்குவது கடினம். ஆகவேதான் சென்னையிலிருந்து லண்டன் செல்லும் விமானம், எரிபொருள் எரிந்து எடை குறையக் குறையப் படிப்படியாக மேலேறுகிறது. உயரம் என்பது எடை, தொலைவு, காற்று, வெப்பம் ஆகியவை சேர்ந்து தரும் விடை. விடையை மட்டும் எழுதிக் கொடுக்கும் வழிகாட்டி நூலை நம் மாணவர்கள் நன்கு அறிவார்கள்!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிமுலேட்டரில் உயரம் என் சொந்தச் சொத்து. வானத்தில் அது பிறரோடு பகிர்ந்துகொள்வது. 1996 நவம்பர் 12 மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானம் 14,000 அடியில் நிற்குமாறு பணிக்கப்பட்டிருந்தது. எதிரே இறங்கி வந்த கசாக்ஸ்தான் நாட்டு இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி ஒதுக்கப்பட்டிருந்தது. அது தனக்குரிய உயரத்தை விட்டுக் கீழே வந்தது. அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதி, 349 பேரும் மாண்டனர். இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டியது ஆயிரம் அடி, ஏறத்தாழ 300 மீட்டர் காற்று. அதன் பின்னரே மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

வான வழியில் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இரட்டைப்படை ஆயிரங்கள் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகவே. இந்த ஆயிரங்கள் உண்மையில் அடிகளும் அல்ல. மேலே சென்றதும் எல்லா விமானிகளும் உயரமானியை 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குத் திருப்பி வைக்கின்றனர். வெயில் நாளில் காற்று விரிந்திருந்தால் '24,000 அடி' என்று காட்டும் மட்டம் அதைவிட உயரத்தில் இருக்கும். கவலையில்லை, எல்லாரும் ஒரே அளவில் சேர்ந்து பிழைப்பதால் இடைவெளி காக்கப்படுகிறது. (ஆம்பூரில் தோலை இன்றும் சதுர அடியில்தான் விற்கிறார்கள். அடியை விடாத தொழில்களில் விமானமும் ஒன்று.) வாட்சிம் என்ற இணைய அமைப்பில் ஆர்வலர்களே கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து, சிமுலேட்டரில் பறப்பவர்களுக்கு உயரம் ஒதுக்குகிறார்கள். அங்கே விதியை மீறினால் கேட்க ஆள் உண்டு. தனியே பறக்கும் மாணவருக்கோ, மிஞ்சிப் போனால் ஒலிபெருக்கியில் ஒரு நினைவூட்டல்.

நிரல் எழுதுவோர் உயரக் கட்டத்தின் அருகே மூன்று வரிகள் சேர்த்தால் போதும்: ஏற எவ்வளவு தொலைவு, இறங்க எவ்வளவு, திசைக்குரிய ஆயிரங்கள் எவை. கணினிக்கு இது ஒரு நொடிக் கணக்கு. அதுவரை நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

மறுநாள் மாணவரிடம் கணக்கைப் போடச் சொன்னேன். மேற்கு நோக்கிய பயணத்துக்கு 24,000 என்று எழுதினார்: ஏற 110 கிலோமீட்டர், இறங்க 117, வேகம் தணிக்க 20, மீதி 23. திரும்பும் வழிக்கு முதலில் 25,000 என்று எழுதி, அடித்துவிட்டு, 23,000 என்று மாற்றினார். ஏன் என்று கேட்டேன். "சென்னை கடலோரம் சார். இறங்கும்போது அந்த 3,000 அடி தள்ளுபடி கிடையாது" என்றார்.