கட்டமும் காட்சியும்

நிழற்படக் கலை பயில்வோர்க்கு முதற்கண் கற்பிக்கப்படுவது கட்ட விதியாகும். சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்று கூறாக்கி, கோடுகள் வெட்டும் நான்கு இடங்களுள் ஒன்றில் தலையாய பொருளை அமைத்தல் வேண்டும் என்பது அவ்விதி. 1797 ஆம் ஆண்டில் இதனை மூன்றிலொரு கூற்று விதியெனப் பெயரிட்டு எழுதியவர் ஜோன் தோமஸ் சிமித். அவர் பேசியது ஓவியத்தைப் பற்றியே. கமராவுக்கு முன்பே பிறந்த இவ்விதி ஒரு படத்தின் தரத்தை அளக்கும் கோலாகுமா என்பது ஆராயத்தக்கது.

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியா இதற்குத் தக்க சான்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்கா, நடுவழியின் இருமருங்கும் ஒன்றையொன்று ஒத்த தடாகங்களை உடையது. குன்றின் உச்சியினின்று அதனைப் படம்பிடிப்போர் பலரும் ஏறக்குறைய ஒரே படத்தையே பெறுகின்றனர். ஒழுங்கு முழுவதும் பூங்கா வகுத்தவனுடையது. படமெடுத்தவன் அதனைப் படியெடுத்தவனே.

அதே மாவட்டத்து வஹகோட்டையில் நிலை வேறு. புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் யூன் மாதத்தில் அடியார் பெருந்திரளாகக் கூடுகின்றனர். அத்திரளுக்கு முன்வகுத்த கோடில்லை. கட்டத்தை மட்டுமே கருதுவோனுக்கு அடியார் முகம் புள்ளியாய்த் தேயும். கட்டத்தை அறவே அறியாதோனுக்குக் கூட்டம் வெறுங் குழப்பமாய் முடியும்.

இவ்விரு குறையினின்றும் விலகும் வழியை லயனல் வெண்ட் (1900–1944) காட்டினார். இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் பயின்ற அவர், 1943 இல் தோன்றிய '43 குழுவின்' முன்னோடி. பாதி துலங்கிய படத்தின்மீது இருட்டறையில் மீண்டும் ஒளி பாய்ச்சும் முறையை அவர் கையாண்டார். அம்முறையில் ஒளியும் நிழலும் கூடும் விளிம்பிற் கோடொன்று பிறக்கும். அக்கோடு புறத்தே சுமத்திய கட்டமன்று. தோளும் முதுகும் தாமே தந்த வடிவமாகும். எனினும் வடிவின்மேற் கொண்ட காதலால், சில படங்களில் உழைப்பாளியின் உடல் சிலையாகி, அவனது களைப்பு மறைந்துபோதலும் உண்டு. அவர் மறைவுக்குப் பின் 1950 இல் வெளிவந்த தொகுதியைப் பயில்வோர் இவ்வேற்றத்தையும் இத்தாழ்வையும் ஒருங்கே நோக்குதல் நன்று.

சிக்குக் கோலத்தில் முதலிற் புள்ளிகளே இடப்படுகின்றன. புள்ளியின்றேல் இழை வழிதவறும். ஆயினும் இழை புள்ளியைச் சுற்றிச் செல்வதன்றி அதன்மீது ஏறுவதில்லை. நிழற்படத்திற் கட்டத்துக்குரிய இடமும் அதுவே. மாணவன் கட்டத்தை ஐயமறக் கற்கட்டும். திருவிழாத் திரளின்முன் நிற்கும்போது, மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் ஒருவரின் முகத்தை முதலிற் காணட்டும்.