பரோடாவில் இறங்கியவர்

அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வை நம் மேடைகளில் கண்ணீருக்காகவே எடுத்துச் சொல்கிறார்கள். சொல்பவரும் அழுகிறார், கேட்பவரும் அழுகிறார். பிரதி மட்டும் அழவில்லை. வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிய ஒருவர் தருகிற அறிக்கையாகவே அதை நான் வாசிக்கிறேன்.

இந்த வாசிப்புக்கு இப்போது ஒரு தேவை வந்திருக்கிறது. 2024 ஜூனில் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 25 மாணவர்களை ஒரு வாரப் பயிற்சிக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. காசு கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரிகள் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நடத்துவது தனி. வணிகத் திறன், பிற கலாச்சாரத்தோடு பழகும் திறன் என்றெல்லாம் துண்டறிக்கை பேசுகிறது. அரசுச் செலவில் பிள்ளைகள் விமானம் ஏறுவதை நான் குறை சொல்லவில்லை. சிவகிரியில் நம் தெருப் பிள்ளை போனால் மேளம் வைத்தே அனுப்புவோம். ஆனால் பிற கலாச்சாரம் எங்கே ஆரம்பிக்கிறது? எங்களுக்கு அது அடுத்த தெருவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. எங்கே எப்படி நிற்கணும், எந்தப் பேச்சுக்கு வாய் திறக்கக் கூடாது என்கிற பயிற்சி ஐந்து வயதிலேயே முடிந்துபோகிறது. அதற்குச் சான்றிதழ்தான் கிடையாது.

1913இல் பரோடா சமஸ்தான உதவியில் கொலம்பியா போனார் அம்பேத்கர். படிப்பு முடிந்ததும் பத்தாண்டு சமஸ்தான வேலை என்று ஒப்பந்தம். பிரதியில் நியூயார்க்கும் லண்டனும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. தான் தீண்டப்படாதவன் என்பதே அங்கே மறந்துபோயிற்று என்கிறார். விவரிப்பு விரிவது பரோடா ரயிலடியில் இறங்கிய பிறகுதான். எங்கே தங்குவது? பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்து நுழைகிறார். நாள் வாடகை ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. இந்து நண்பரும் கைவிடுகிறார், பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவ நண்பரும் கைவிடுகிறார். இரவு ஒன்பது மணி ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார்.

வாடகைக் கணக்கைச் சொல்கிற அதே குரலில்தான் பொய்ப்பெயரையும் சொல்கிறார். நியாயம் கற்பிப்பதில்லை, மன்னிப்புக் கேட்பதுமில்லை. அந்த நிதானத்தைத்தான் நம் மேடைகள் கண்ணீரில் கரைத்துவிடுகின்றன.

எங்கள் படிப்பகத்தில் இதை வாசித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணே, பேர மாத்திச் சொன்னது சரியா?” நான் வாய் திறக்குமுன் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் சொன்னான்: “நான் வீடு பாக்கப் போனா ஊரு தென்காசிம்பேன். சிவகிரின்னா, அங்க எந்தத் தெருன்னு கேப்பாவல்லா.” யாரும் சிரிக்கவில்லை.

பயணத்தில் வந்து இறங்குகிற இடம்தான் இந்தப் பிரதி முழுக்க ஆபத்தான இடம். சிறுவயதில் மசூர் ரயிலடி, 1929இல் சாலிஸ்கான். சாலிஸ்கானில் பாரிஸ்டரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரருக்கு மனமில்லை. வண்டியை மட்டும் கொடுக்கிறார்கள். ஓட்டத் தெரியாதவர் ஓட்டி விபத்தாகிறது. இதில் திறன் இல்லாதவர் யார்? பாரிஸ்டரா?

பயிற்சி தேவைப்படுவது வீடு வைத்திருப்பவருக்கும் வண்டி வைத்திருப்பவருக்கும். பாடத்திட்டம் போடுகிறவர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. தலித் மாணவர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க ஒன்றிய அரசு 1950களிலிருந்து தரும் உதவித்தொகையையே பாருங்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இனிக் கிடையாது என்று 2022இல் விதி மாற்றினார்கள். கொலம்பியாவில் 1916இல் அம்பேத்கர் படித்தளித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. இந்த விதிப்படி அவருக்கே பணம் கிடைத்திருக்காது.

டர்ஹாமுக்கோ வேறெங்கோ அடுத்த குழு கிளம்பும்போது ஆளுக்கொரு பிரதி கையில் கொடுக்கலாம். சாதி இந்துப் பிள்ளைகளுக்கு முதலில். சின்னப் புத்தகம்தான், விமானம் இறங்குவதற்குள் முடித்துவிடலாம்.