மறுமுறை எழுதுவதன் தகுதி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எல்சாட் (LSAT) என்னும் நுழைவுத் தேர்வை எழுதியவர், மதிப்பெண் மனநிறைவு தராதபோது கேட்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: மறுபடி எழுது, இழக்க ஒன்றுமில்லை. இதன் முற்பாதி பலருக்குப் பொருந்தும். பிற்பாதி யாருக்கும் பொருந்தாது.

முற்பாதிக்கான வாதம் வலுவானது. ஒருவர் பலமுறை எழுதியிருந்தால், முன்பு கல்லூரிகள் அவருடைய சராசரியைக் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. 2006இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அந்த விதியை மாற்றியது. மிக உயர்ந்த மதிப்பெண்ணே கணக்காயிற்று. கல்லூரிகளின் தரவரிசையில், சேரும் மாணவர்களின் இடைநிலை மதிப்பெண்ணுக்கு எடை உண்டு. ஆகவே 160 பெற்றவர் அடுத்த முறை 166 பெற்றால், அந்த 166ஐயே கல்லூரியும் விரும்பும். பழைய மதிப்பெண்ணும் கல்லூரியின் பார்வைக்கு வருவது உண்மை. ஆனால் அதனால் வரும் தீங்கு சிறிது.

ஆனால் விதி அனுமதிக்கிறது என்பது வேறு, சான்று ஆதரிக்கிறது என்பது வேறு. எல்சாட்டின் அளவுகோல் 120 முதல் 180 வரை. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இருபுறமும் ஏறத்தாழ 3 புள்ளி பிழை எல்லை உண்டு என்று தேர்வை நடத்தும் அமைப்பே சொல்கிறது. 158 பெற்றவரின் உண்மைத் திறன் 155ஆகவும் இருக்கலாம், 161ஆகவும் இருக்கலாம். இரண்டாம் முறை 160 வந்தால் அதைத் தேர்ச்சி வளர்ந்ததற்கு அத்தாட்சி என்று கொள்ள முடியாது.

எனவே முடிவுக்கு அடிப்படை, நேரக் கட்டுப்பாட்டோடு முழுமையாக எழுதிய கடைசி நான்கைந்து மாதிரித் தேர்வுகளின் சராசரி. உச்ச மதிப்பெண் அன்று, சராசரி. ஒருமுறை தொட்ட உயரத்தையே தன் இயல்பான தரம் என்று நம்புவதுதான் இந்தக் களத்தில் மிகப் பரவலான பிழை. தேர்வு மதிப்பெண் அந்தச் சராசரிக்கு நான்கைந்து புள்ளி கீழே விழுந்திருந்தால், மேலும் படிக்காவிட்டாலும் மறுமுறை எழுதுவது நியாயம். சராசரியோடு ஒத்திருந்தால், பயிற்சி முறையை மாற்றாத மறுமுயற்சி தற்செயலை நம்புவதே. சராசரியை மிஞ்சியிருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்வதே அறிவு.

பழைய அனுபவங்களைச் சான்றாகக் கொள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2024 ஆகஸ்டில் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு எண்ணப்படுபவை தர்க்க வாதப் பகுதிகள் இரண்டும் வாசிப்புப் பகுதி ஒன்றும்தான். பயிற்சியால் விரைவாக ஏற்றக்கூடியது புதிர்ப் பகுதியே என்பது பயிற்றுநர்களின் பொதுக் கருத்து. அதன் துணையால் பெரிய பாய்ச்சல் கண்டவர்களின் கதை இன்றைய மாணவருக்கு முழு வழிகாட்டி ஆகாது. வாசிப்புத் திறன் சில வாரங்களில் வளர்வதன்று.

இழப்புகளும் உண்டு. ஒருமுறை எழுத 200 டாலருக்கு மேல் ஆகிறது. மதிப்பெண்கள் செல்லத்தக்க காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று வரம்பு இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய இழப்பு காலம். பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையில் பரிசீலிக்கின்றன. இலையுதிர் காலத்தில் நிறைய இருந்த இடமும் உதவித்தொகையும் ஜனவரித் தேர்வின் மதிப்பெண் வரும்போது குறைந்திருக்கும். தாமதமாக வரும் இரண்டு புள்ளியைவிட, முன்கூட்டியே அனுப்பிய விண்ணப்பம் சில நேரம் அதிகம் பெற்றுத் தரும்.

என் தீர்ப்பு இது. சராசரிக்குத் தெளிவாகக் கீழே போனவர் மறுமுறை எழுதட்டும். அதற்காக விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போட நேர்ந்தாலும் தகும். சராசரியை எட்டியவர், மூன்று நான்கு மாதம் வேறு முறையில் பயில முடியாவிட்டால், இருப்பதைக் கொண்டு விண்ணப்பிக்கட்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. விரும்பும் கல்லூரியின் இடைநிலை 160ஆக இருக்க, 159 வைத்திருப்பவரும் எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு புள்ளி திறனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அதைத் தாண்டுவது உதவித்தொகையில் பல ஆயிரம் டாலர் வேறுபாட்டைக் கொண்டுவரலாம். இங்கே குறை மாணவரிடம் இல்லை. பிழை எல்லையைத் தெரிந்தே வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் வேறுபாட்டுக்கு விலை வைக்கும் கல்லூரிகளிடம் இருக்கிறது. மீண்டும் மீண்டும் கட்டணம் கட்ட முடிந்தவருக்கே அந்தப் புள்ளி எளிதில் கைவரும் என்பதும் அவர்களுக்குத் தெரியாததன்று.