ஏழு எதிரிகளும் ஒரு கடன்காரனும்

மலர்க் குழுவினர் என்னிடம் எப்போதும் பழந்தமிழ்க் கட்டுரைதான் எதிர்பார்ப்பார்கள். சிந்தாமணி, சூளாமணி, நீலகேசி என்று எழுதிக் கொடுத்து வந்தவன் நான். இந்த முறை ஓர் இங்கிலீஷ் சினிமாவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் செயலாளர் போனில் ஒரு கணம் பேசவே இல்லை. "ஐயா, பெரியவங்க எல்லாம் படிக்கிற மலராச்சே" என்றார். அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன்தானே என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

படத்தின் பெயர் 'ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் த வேர்ல்ட்'. 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. இயக்கியவர் எட்கர் ரைட் என்ற ஆங்கிலேயர். பிரையன் லீ ஓ'மாலி என்ற கனடா நாட்டுக்காரர் 2004 முதல் 2010 வரை ஆறு பாகங்களாக வரைந்து எழுதிய காமிக்ஸ்தான் மூலக்கதை. அந்த ஆறு பாகங்களும் என் பேரனின் அலமாரியில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் படத்தைப் போட்டுவிட்டு, "தாத்தா, இது உங்களுக்கு ஒத்து வராது, எந்திரிச்சுப் போயிடுவீங்க" என்றான். போகவில்லை. காரணம், படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு வில்லன் குதிக்கிறான். அவன் பெயர் மேத்யூ படேல்.

அகமதாபாத் துணிச் சந்தையில் முப்பத்தைந்து வருஷமாகக் கடை வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் எப்படி இருக்கும்! எனக்கு இடப்பக்கக் கடை படேல், எதிர்க்கடை படேல், கடையின் வாடகையை வாங்கிக்கொள்பவரும் படேல். அந்தப் பெயருடைய ஒருத்தன் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, பம்பாய் சினிமா மாதிரி பாட்டுப் பாடி, கையில் நெருப்பு உருண்டை வைத்துக்கொண்டு அந்தரத்தில் மிதக்கிறான். நான் சிரித்தேன். சிரித்த பிறகு கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. அந்த உறுத்தலுக்குப் பிறகு வருகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொரண்டோ நகரத்தில் ஸ்காட் என்று ஒரு பையன். வயது 22. வேலை வெட்டி கிடையாது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்து பேஸ் கிட்டார் வாசிக்கிறான். (குழுவின் பெயரைக் குடும்ப மலரில் அச்சிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.) நைவ்ஸ் சாவ் என்ற 17 வயதுப் பள்ளி மாணவி, சீன வம்சாவளிப் பெண், இவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ரமோனா ஃபிளவர்ஸ் என்ற பெண்ணைப் பார்த்து இவனுக்கு மயக்கம் உண்டாகிறது. அவளோடு பழக வேண்டுமென்றால், அவளுடைய முந்தைய சிநேகிதர்கள் ஏழு பேரையும் சண்டையிட்டு ஜெயிக்க வேண்டும். அந்த ஏழு பேருக்கும் 'தீயவர்கள்' என்று பட்டம். தோற்றவன் உடம்பு வெடித்துச் சில்லறைக் காசாகச் சிதறும்.

இதென்ன கூத்து என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் திருத்தக்கதேவர் கதையை நினைத்துப் பாருங்கள். சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். யாழ்ப்போட்டியில் வென்று காந்தருவதத்தை, மதயானையிடமிருந்து காத்துக் குணமாலை, பாம்புக்கடி தீர்த்துப் பதுமை, பன்றிப் பொறியை எய்து இலக்கணை என்று ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு சாகசம். மணநூல் என்றே அதற்கு ஒரு பேர் உண்டு. அந்தக் கட்டுமானம் பழகிய நமக்கு இந்தப் படம் அந்நியமே இல்லை. இதிலும் ஓர் இசைப்போர் வருகிறது. கட்டயனாகி என்ற இரட்டையர் ஒரு மேடையிலும் ஸ்காட்டின் குழு எதிர் மேடையிலும் நின்று வாசிக்க, ஒலியே உருவம் எடுத்து மிருகங்களாக மோதிக்கொள்கிறது. ஒரு வித்தியாசம்தான். சீவகனுக்குச் சாகசம் எட்டு, பெண்ணும் எட்டு. இவனுக்குப் பெண் ஒன்று, சண்டை ஏழு. இன்னொரு வித்தியாசமும் உண்டு, அது பெரிது. சீவகன் யாருக்கும் பாக்கி வைத்தவன் என்று காவியம் சொல்லவில்லை. ஸ்காட் கழுத்து வரைக்கும் பாக்கிக்காரன்.

வியாபாரியின் புத்தி அப்படித்தான் போகும். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி சண்டைக் காட்சி அல்ல. ஸ்காட் தன் நண்பன் வாலஸின் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். கேமரா அந்த அறையைக் காட்டும்போது ஒவ்வொரு பொருளுக்கு மேலும் எழுத்து முளைக்கிறது, அது யாருடைய பொருள் என்று. கிட்டத்தட்ட எல்லாமே வாலஸுடையது. படுக்கிற மெத்தையே பகிர்ந்துகொள்வதுதான். சரக்கு இருப்புக் கணக்கு எடுக்கிற மாதிரி நாலைந்து நொடியில் ஒரு மனிதனின் மொத்தச் சொத்தையும் இயக்குநர் காட்டிவிடுகிறார். இதைத்தான் காமிக்ஸைப் படமாக்கும் கலை என்பேன். பலரும் காமிக்ஸைப் படமாக்கும்போது கதையை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இவர் காகிதத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். போன் அடித்தால் மணியோசை எழுத்தாகவே திரையில் பறக்கிறது. ரமோனா தன் பழைய கதையைச் சொல்லும்போது படம் ஓ'மாலியின் கோட்டோவியமாகவே மாறிவிடுகிறது. ஒரு வாக்கியம் ஓர் இடத்தில் தொடங்கி வேறு இடத்தில், வேறு நாளில் முடிகிறது. காமிக்ஸில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண் தாவுவது போல.

ஊர் விஷயத்திலும் எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. அமெரிக்கப் படங்கள் டொரண்டோவில் படம் பிடித்துவிட்டு அதை நியூயார்க் என்று சொல்வது வழக்கம். இந்தப் படம் டொரண்டோவை டொரண்டோவாகவே காட்டுகிறது, பனியும் குளிரும் அழுக்கான நடைபாதையுமாக. இரண்டாவது எதிரி லூகஸ் லீ ஒரு சினிமா நடிகன். காசா லோமா மாளிகைக்கு வெளியே அவன் படப்பிடிப்பு நடக்கிறது. அங்கே நடக்கும் சண்டையில் நியூயார்க் நகரம் வரைந்த பெரிய திரைச்சீலை கிழிந்து, பின்னால் நிஜ டொரண்டோ தெரிகிறது. பிழைக்கப் போன ஊருக்கு இன்னொரு ஊரின் வேஷம் போடுவது என்ன என்று நமக்குத் தெரியும். கை தட்டினேன்.

மூன்றாவது எதிரியைப் பற்றி எழுதாமல் விட்டால் என் வீட்டிலேயே என்னை மன்னிக்க மாட்டார்கள். டாட் இங்க்ராம் என்பவனுக்கு அமானுஷ்ய சக்தி இருக்கிறது. எப்படி வந்தது? அவன் வீகன். பால், தயிர், முட்டை, மாமிசம் எதுவும் தொடாதவன். அந்தச் சுத்தத்தால் வந்த சக்தியை வைத்து எல்லாரையும் தூக்கிச் சுவரில் அடிக்கிறான்! ஸ்காட் தந்திரமாக அவனுக்குப் பாலும் கிரீமும் கலந்த காபியைக் கொடுக்கிறான். மனத்தைப் படிக்கத் தெரிந்தவனை, மனத்துக்குள்ளேயே பொய் சொல்லி ஏமாற்றுகிறான். உடனே 'வீகன் போலீஸ்' என்று இரண்டு பேர் வந்து, அவன் ஏற்கெனவே ஐஸ்கிரீமும் கோழியும் தின்ற குற்றங்களை வாசித்துச் சக்தியைப் பிடுங்கிவிடுகிறார்கள். தட்டில் அகிம்சை, கையில் அடிதடி. இதை எடுத்தவர்களுக்கு நம் சமயத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டுக் கூலிக்காரனிடம் குரல் உயர்த்துகிற எங்கள் ஆட்கள் பலருக்கு, என்னையும் சேர்த்துத்தான், இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படம் ஏழு பேரைத் தீயவர்கள் என்று நம்ப வைக்கிறது. பேரன் வயதில் உள்ளவர்கள் அந்த ஏழு சண்டையைத்தான் பேசுகிறார்கள். உட்கார்ந்து இரண்டாம் முறை பார்த்தால் வேறொரு பேரேடு தெரிகிறது. நைவ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே ஸ்காட் ரமோனாவின் பின்னால் போகிறான். குழுவில் மேளம் அடிக்கும் கிம் பைன் என்ற பெண்ணும் இவன் முன்பு பழகிக் கைவிட்டவள்தான். அவள் முகத்தில் எந்நேரமும் இருக்கும் கசப்பைப் படம் வேடிக்கையாகக் காட்டுகிறது, ஆனால் காரணமில்லாத கசப்பு அல்ல அது. அப்படியானால் 'தீய முன்னாள்' என்ற பட்டம் யாருக்குப் பொருந்தும்? ரமோனாவின் ஏழு பேர் அவளுக்கு என்ன பாக்கியோ தெரியாது. ஸ்காட்டின் பாக்கிதான் நம் கண்ணெதிரே எழுதப்படுகிறது.

இது படத்துக்கே தெரியும் என்பதுதான் அதன் பெருமை. கடைசி எதிரி கிடியனை எதிர்க்கும்போது ஸ்காட் முதலில் 'ரமோனாமேல் காதல்' என்று சொல்கிறான். காதலின் வாள் கையில் வருகிறது. ஆனால் தோற்றுச் சாகிறான். வீடியோ விளையாட்டு மாதிரி அவனிடம் மிச்சமிருந்த இன்னோர் உயிரால் மறுபடி அதே காட்சிக்குள் வருகிறான். இந்த முறை சுயமரியாதையின் வாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு காரியம் செய்கிறான். கிம்மிடம் மன்னிப்புக் கேட்கிறான். நைவ்ஸையும் ரமோனாவையும் எதிரில் வைத்து, இரண்டு பேரையும் ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

எங்கள் சந்தையில் சம்வத்சரி நாளன்று கடை கடையாக வந்து கைகூப்பி 'மிச்சாமி துக்கடம்' சொல்வார்கள். செய்த பிழை ஒழியட்டும் என்று பொருள். பாதிப் பேர் பழக்கத்துக்குச் சொல்வார்கள். இப்போது போனிலேயே நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வருஷம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்தார். எனக்குத் தர வேண்டிய பணத்தை இரண்டு வருஷமாக இழுத்தவர். அன்று அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "உங்க கணக்குல இன்ன தொகை நான் பிடிச்சு வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் கேட்டதில்லை. ஸ்காட் அந்தக் காட்சியில் நைவ்ஸிடம் சொல்வது இந்த ஜாதி. தொகையைச் சொல்கிறான்.

ஆனால் தொகையைச் சொன்னவன் தீர்க்கிறானா? இங்கேதான் எனக்குப் படத்தோடு வழக்கு. தொடக்கத்தில் ஸ்காட்டும் நைவ்ஸும் விளையாட்டுக் கூடத்தில் ஜோடியாக ஒரு சண்டை விளையாட்டு ஆடுகிறார்கள், அடிக்கு அடி ஒன்றாக. முடிவில் கிடியனை வீழ்த்துவதும் அதே ஜோடி, அதே அடவுகள். அதாவது படத்தின் உடம்பு முழுக்க இவர்கள் இருவரும் ஜோடி என்றே சொல்லிக்கொண்டு வருகிறது. முதலில் படமாக்கிய முடிவில் ஸ்காட் நைவ்ஸோடுதான் சேர்ந்தான். படம் எடுக்கும்போது கடைசிப் பாகம் வெளிவரவே இல்லை, 2010 ஜூலையில்தான் வந்தது. பிறகு முடிவை மாற்றினார்கள். வெளியான படத்தில் நைவ்ஸே அவனை ரமோனாவின் பின்னால் போகச் சொல்லி அனுப்பிவைக்கிறாள். கடன் கொடுத்தவளே கடன் பத்திரத்தைக் கிழித்துக் கையில் கொடுத்த மாதிரி.

அவனோடு அவள் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 17 வயதுப் பெண்ணுக்கு அவன் வேண்டாம், நல்லதாகப் போயிற்று. ஆனால் அவளுடைய துக்கத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்திருக்கலாம். எலன் வாங் என்ற பெண் அந்த வேஷத்தில் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார். பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ போகச் சொல்றதுதான் தாத்தா அவளோட கெத்து" என்றான். இருக்கலாம்.

சரி, படேல். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவன் ரமோனாவோடு பழகியது ஏழாம் வகுப்பில், ஒன்றரை வாரம். அந்தப் பள்ளியிலேயே வெள்ளைக்காரன் அல்லாத, விளையாட்டு வீரனும் அல்லாத ஒரே பையன் அவன் என்று ரமோனா போகிற போக்கில் சொல்கிறாள். சண்டைக்கு வருமுன் ஸ்காட்டுக்கு முறையாகக் கடிதம் அனுப்பி முன்னறிவிப்புக் கொடுக்கிறான். ஸ்காட் அதைப் பாதியில் அலுத்துப்போய் அழித்துவிடுகிறான். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தவன் தீயவன், படிக்காதவன் நாயகன்! ஒரு பள்ளியில் ஒருத்தனாக இருப்பது என்ன என்பது, "தமிழா? ஜைனா? அதெப்படி?" என்று இந்த ஊரில் நாற்பது வருஷமாகக் கேட்கப்படும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுக் கதை இருந்தது. படம் அதைப் பாட்டும் நெருப்புமாக ஊதிவிட்டது. அந்த வேஷத்தில் நடித்தவர் சத்யா பாபா. பம்பாயில் பிறந்த பார்சி அறிஞர் ஹோமி பாபாவின் மகன். ஆளப்பட்டவன் ஆண்டவனைப் போல வேஷம் கட்டுவதைப் பற்றி அப்பா புத்தகம் எழுதியவர். மகனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேஷம் இப்படி.

படம் அன்று ஓடவில்லை. 6 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டு, முதல் வெளியீட்டில் 5 கோடியைத் தொடவில்லை. பிறகு வீட்டில் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

2023 நவம்பரில் இதே கதையை நெட்ஃபிளிக்ஸில் ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். படத்தில் நடித்தவர்களே குரல் கொடுத்தார்கள். பேரன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அதே மேடை, அதே கூரை, அதே படேல். முதல் பாகத்திலேயே ஸ்காட் தோற்கிறான், ஆளே காணோம். அடுத்து படேல் போய் கிடியனையும் தோற்கடித்து அவன் கம்பெனியை எடுத்துக்கொள்கிறான். மறுநாள் காலை இடப்பக்கக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "என்ன கம்பெனி? டர்ன்ஓவர் எவ்வளவு?" என்று கேட்டார்.