ஆளில்லாத முற்றங்கள்

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு நாட்டுக்கோட்டை வீட்டின் முன் இரவில் நின்றிருக்கிறீர்களா? நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்: வாசல் விளக்கு, அதன் ஒளி படும் திண்ணை, தூண்களின் நிழல். அதே வீட்டின் இரவுப் புகைப்படத்தைப் பாருங்கள். மாடியிலுள்ள சுதைச் சிற்பங்கள்கூடப் பகல்போல் தெரிகின்றன. தெருவில் மட்டும் ஒருவரும் இல்லை. இத்தகைய படங்களை எவ்வளவு நம்பலாம்?

நம் கண் ஒளியை நெடுநேரம் சேமித்து வைப்பதில்லை. பிலிம் சேமித்து வைக்கிறது. காமிராவை 5 நிமிடம் திறந்து வைத்தால், அவ்வளவு நேர ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகிறது. அசையாத தூண் 300 வினாடியும் ஒரே இடத்தில் பதிகிறது. தெருவில் நடந்து போனவரோ ஓரிடத்தில் ஒரு வினாடிகூட நிற்பதில்லை. ஆகவே படத்தில் அவர் இல்லாமலே போகிறார். மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றும் விண்மீன்கள் கோடுகளாகின்றன.

மங்கிய ஒளியில் பிலிமின் வேகமும் குறைகிறது. வெள்ளி உப்பின் படிகத்தில் ஒளியால் முதலில் தோன்றும் வெள்ளி அணு, துணைக்கு வேறு அணுக்கள் விரைவில் சேராவிட்டால், பழைய நிலைக்கே திரும்பிவிடும். கார்ல் ஸ்வார்ட்ஸ்சைல்டு என்னும் வானியலறிஞர் 1900ஆம் ஆண்டில் இக்குறைபாட்டை அளந்து காட்டினார். அதனால் கணக்குப்படி வரும் நேரத்தைவிடக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது.

இரவுப் படத்தின் இந்தக் குணம் பழைய பகற்படங்களிலும் உண்டு. அன்றைய நெகடிவ்கள் அவ்வளவு மந்தமானவை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட காப்டன் லின்னேயஸ் டிரைப், 1857–58இல் மதுரை, தஞ்சாவூர், காரைக்குடிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தார். பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகடிவ்களையே பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக இணைத்தார். கல்லைப் பதிவு செய்வதில் அந்தப் பொறுமைக்கு ஈடில்லை.

ஆனால் அவருடைய மதுரைப் படங்களைப் பாருங்கள். நாளெல்லாம் கூட்டம் நெரிந்து வந்த புதுமண்டபம் கைவிடப்பட்ட இடம்போல் கிடக்கிறது. பெரும்பாலான படங்களில் மனித நடமாட்டமே இல்லை. வாழும் ஊரைப் பழஞ்சின்னமாக எண்ண வைப்பது இந்த வெறுமை. கல்லுக்கு நியாயம் செய்த முறை, அங்கே வாழ்ந்த மனிதருக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் முதற்குறை.

இரண்டாவது குறை வானம் பற்றியது. அக்கால நெகடிவ் நீல ஒளியை மட்டுமீறி ஏற்கும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சில நெகடிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்த மேகம் அன்று அங்கே இருந்ததில்லை!

‘இருட்டறையில் எல்லோரும் செய்வதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். அங்கே என்ன நடக்கிறது? என்லார்ஜரின் ஒளி புரோமைடு காகிதத்தில் விழும்போது, ஒரு பகுதியைக் கையால் மறைத்தால் அது வெளுப்பாக நிற்கும். கூடுதல் ஒளி கொடுத்தால் கறுக்கும். கை மறைப்பது, நெகடிவில் உள்ளதை ஏற்றி இறக்கிக் காட்டுகிறது. தூரிகையோ இல்லாததைச் சேர்க்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஆயினும் கைக்கும் ஓர் அளவு வேண்டும். இரவின் கருமையை முழுதும் வெளுத்துவிட்ட பிரிண்ட், நல்ல பிரிண்ட் ஆகாது. வாசல் விளக்கு எட்டாத மூலை இருளாகவே இருக்கட்டும். காமிரா எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்பதைப் படத்தின் கீழே எழுதுவதும் நல்லது.

மாணவ நண்பர்களே, காமிரா கிடைத்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். முக்காலியில் காமிராவை வைத்து, அரை நிமிடம் திறந்து விடுங்கள். தாத்தாவைத் திண்ணையில் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள்; தம்பியை வாசலில் ஓடச் சொல்லுங்கள். தாத்தா படத்தில் இருப்பார். தம்பி இருக்க மாட்டான். அதன்பின் ஆளில்லாத முற்றத்தின் படம் எதைக் கண்டாலும், அங்கே யார் யார் நடந்து போயிருப்பார்கள் என்று உங்கள் மனம் தானாகவே கேட்கும்.