யாருடைய வயல்?

மாந்திங்கா மொழியில் வயலுக்கு இரண்டு சொற்கள் உண்டு. குடும்பத்துக்காக எல்லோரும் சேர்ந்து பாடுபடும் நிலம் மருவோ. அதன் விளைச்சல் குடும்பத் தலைவரின் கைக்குப் போகும். ஒருவர் தனக்கென்று வைத்துப் பயிரிடும் நிலம் கமன்யாங்கோ; அதில் விளைவதை அவரே விற்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. காம்பியா ஆற்றோரச் சதுப்பைத் தன் கையால் திருத்தி வயலாக்கிய பெண் அதைத் தன் கமன்யாங்கோ என்று உரிமை கோர முடிந்தது. ஆண்கள் மேட்டு நிலத்தில் நிலக்கடலையும் கம்பும் விளைவித்தார்கள். நெல் பெண்களின் பயிர்.

ஆப்பிரிக்காவின் நீடித்த வளர்ச்சியைப் பல துறைகளும் கைகோத்து ஆராய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு சொற்கள்தான் நினைவுக்கு வரும். பல துறை அறிஞர்கள் அந்த ஆற்றங்கரைக்குப் போகாமல் இல்லை. 1960களிலும் 70களிலும் தைவான், உலக வங்கி, சீனா என்று ஒருவர் பின் ஒருவராகப் பாசனத் திட்டங்களோடு வந்தார்கள். நீரியல் தெரிந்தவர்கள், விதை தெரிந்தவர்கள், வரவுசெலவு தெரிந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டிப் போய், நெல் பயிரிடப் பழகாத ஆண்களைத் தேடிப்பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். துறைகள் வேறு வேறாக இருந்தும் அவர்களுக்குள் ஓர் அனுமானம் பொதுவாக இருந்தது: குடும்பம் என்பது ஒரே அடுப்பு, ஒரே பை, ஒரே தலைவர்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. எஸ்டர் போசரப் 1970இலேயே பொருளாதார வளர்ச்சியில் பெண்களின் பங்கு பற்றிய நூலை எழுதிவிட்டார். சகாராவுக்குத் தெற்கே பெரும் பகுதியில் உழவு பெண்களுடையது, காலனி அதிகாரிகளும் பின்வந்த வல்லுநர்களும் புதிய கருவிகளை ஆண்களிடமே கொடுத்தார்கள் என்று அவர் காட்டினார். அந்த நூலுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வளர்ச்சி என்பது நல்ல பந்தி, பெண்கள் அதில் உட்காரவைக்கப்படவில்லை என்பதே அதன் தொனி. பந்தியில் யாருடைய அரிசி வேகிறது என்று அது போதுமான அளவு கேட்கவில்லை. பெண்களையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்ற மருந்து அங்கிருந்துதான் வந்தது.

அந்த மருந்து என்ன செய்தது என்பதற்கு 1984இல் காம்பியாவில் தொடங்கிய ஜஹாலி-பச்சார் திட்டமே சாட்சி. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் முன்னின்ற திட்டம் அது. இறைவைப் பாசனம், ஆண்டுக்கு இரண்டு போகம். நிலம் பெண்களுக்குச் சேர வேண்டும் என்பது இம்முறை எழுத்திலேயே இருந்தது. பெரும்பாலும் பெண்கள் பெயரிலேயே பதிவும் நடந்தது. ஆனால் வயல்களை மருவோ என்று வகைப்படுத்திவிட்டார்கள். பெயர் அவளுடையது, நெல் அவருடையது. முன்பு அவளுக்கென்று இருந்த சதுப்பு திட்டத்துக்குள் போயிற்று. முன்பு மழைக்காலத்தோடு முடிந்த வேலை ஆண்டு முழுவதும் நீண்டது. ஒரே ஒரு சொல்லை மாற்றி இவ்வளவையும் செய்ய முடிந்தது.

இதை வெளிக்கொண்டுவந்தவர்கள் யார்? முந்தைய திட்டங்களைப் பற்றி ஜென்னி டே 1981இல் எழுதினார். ஜஹாலி-பச்சாரைப் பற்றி எழுதியவர் புவியியலாளரான ஜூடித் கார்னி. அவர் நீரையும் நிலத்தையும் பார்த்ததோடு நிற்கவில்லை. அந்த நிலத்தை ஊரில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்றும் கேட்டார். பொருளியலாளரின் ‘குடும்பம்’ அந்தக் கேள்வியில்தான் உடைந்தது. (மேற்கு ஆப்பிரிக்கரின் நெல்லறிவு அடிமைக் கப்பல்களில் அமெரிக்காவுக்குப் போனது என்று பிறகு 2001இல் அவர் எழுதிய நூலைச் சில வரலாற்றாசிரியர்கள் கடுமையாக மறுத்தார்கள். துறைகள் ஒன்றையொன்று இப்படிச் சீண்டிக்கொள்வதைத்தான் நான் பல்துறை ஆய்வு என்பேன். ஒரே மேடையில் வரிசையாக உட்கார்ந்து தனித்தனிக் கட்டுரை வாசிப்பதை அல்ல.)

2015இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் ஐந்தாவது, பாலினச் சமத்துவம். விளைநிலத்தில் பெண்களுக்குள்ள உரிமையை அளக்க அதில் ஒரு குறியீடு உண்டு. ஆவணத்தில் பெயர் இருக்கிறதா, நிலத்தை விற்கவோ வாரிசுக்கு விடவோ முடியுமா என்று அது கேட்கிறது. தேவையான கேள்விகள்தான். ஆனால் விளைந்த நெல்லை விற்பது யார் என்று அது கேட்பதில்லை. பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு ஜஹாலி-பச்சார் ஒரு வெற்றிக் கதையாகவே தெரியும்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இதுவரை நான் பெயர் சொன்ன ஆய்வாளர் எவரும் ஆப்பிரிக்கர் அல்லர். தங்களைப் பற்றிய ஆய்வைத் தாங்களே நடத்த வேண்டும் என்று ஆப்பிரிக்கப் பெண் ஆய்வாளர்கள் 1977இல் தக்காரில் சங்கம் அமைத்தார்கள். இஃபி அமாடியூம் 1987இல் இக்போ சமூகத்தைப் பற்றியும், ஒயெரோன்கே ஒயேவூமி 1997இல் யோருபா சமூகத்தைப் பற்றியும் எழுதிய நூல்கள் ஐரோப்பியப் பெண்ணியத்தையே கூண்டில் நிறுத்தின. காலனியத்துக்கு முன் யோருபாக்களிடம் ‘பெண்’ என்ற சமூக வகையே இல்லை, மூப்புதான் வரிசையைத் தீர்மானித்தது என்கிறார் ஒயேவூமி. எனக்கு இதை முழுதாக ஏற்கத் தயக்கம் உண்டு. மூப்பின் பெயரால் நடக்கும் அதட்டல் நமக்குத் தெரியாததா? ஆனாலும், வகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போகாதே என்று அவர் சொல்வது காம்பியாவின் வயலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அந்த வயலின் பெண்கள் எந்த ஆய்வாளருக்காகவும் காத்திருக்கவில்லை. சில ஊர்களில் மருவோவில் இறங்குவதற்குக் கூலி கேட்டார்கள். சில ஊர்களில் வேலையை விட்டே விலகினார்கள். இன்னும் சிலர் குழுவாகச் சேர்ந்து, தம் பெயரில் பதிவான வயலை விட்டுவிட்டு, அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டார்கள்.