மாறாமை வேறு, காவல் வேறு

இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் புதுத் தடுப்பூசி வேண்டியிருக்கிறது. அந்நோய்க் கிருமியின் மேல் முள்போல் நிற்கும் ஹெமக்ளுட்டினின் என்னும் புரதத்தின் தலைப்பகுதி ஓயாது உருமாறுவதே காரணம். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் சேரவேண்டிய கிருமி வகைகளை முன்கூட்டிக் கணித்துச் சொல்லுகிறது. கணிப்புப் பிழைத்தால் ஊசியின் பயனும் குன்றும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே 'பொதுத் தடுப்பூசி' என்னும் கருத்து. மாறும் தலையை விடுத்து, அப்புரதத்தின் தண்டு, கிருமியின் உள்ளே மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோ புரதம் முதலிய அதிகம் மாறாத உறுப்புகளைக் குறிவைத்தால், பல வகைக் கிருமிகளையும் ஒரே ஊசியால் வெல்லலாம் என்பது அதன் வாதம். கேட்பதற்கு இனிய வாதமே. ஆயினும் அதில் ஓர் இடைவெளி உண்டு.

மாறாத உறுப்பு என்பதனாலேயே அது தாக்குதற்கு எளிய உறுப்பு ஆகிவிடாது. தண்டு வெளியே இருப்பினும் உடல் இயல்பாகத் தலையையே பெரிதும் எதிர்க்கிறது. உட்புரதத்தையோ டி உயிரணுக்களே இனங்காண வேண்டும். அதுவும் கிருமி உடலணுவிற்குள் புகுந்த பின்னரே. அக்காவல் வாயிற்காவல் அன்று. கள்வன் வீட்டினுள் நுழைந்தபின் விழிக்கும் காவல். அது நோயின் கடுமையைத் தணிக்கக்கூடும். தொற்றையே தடுக்கும் என்பது பொருந்தாது.

இஸ்ரேலில் உருவான எம்-001 என்னும் ஊசி இதற்குத் தக்க சான்று. கிருமியின் புரதங்களில் மாறாத ஒன்பது துண்டுகளைக் கோத்து அது அமைக்கப்பட்டது. முற்சோதனைகளில் டி உயிரணுக்களைத் தூண்டியது, நம்பிக்கையும் வளர்ந்தது. பின்னர் ஐரோப்பாவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 12,400 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தது. ஊசியால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் மருந்தில்லா ஊசி பெற்றோரைவிட இவர்கள் நோயினின்று மிகுதியாகக் காக்கப்பட்டனர் என்பதும் மெய்ப்படவில்லை.

இதனால் முயற்சியே வீண் என்பது கருத்தன்று. தண்டை மாற்றாமல் தலையை மட்டும் மாற்றி மாற்றிச் செலுத்தும் முறை, 65 பேரிடம் நடந்த முதற்கட்டச் சோதனையில், நெடுநாள் நிலைத்த எதிர்ப்பொருளைத் தோற்றுவித்தது என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நற்செய்தியே. ஆயினும் அஃது இரத்தத்தில் கண்ட மாற்றமேயன்றி, நோய் தடுக்கப்பட்டதற்குச் சான்றன்று.

மாணவன் நன்கு படித்தான் என்பது வேறு. தேர்வில் தேறினான் என்பது வேறு. 'பொது' என்னும் பட்டத்தைத் தேர்வுக்கு முன்னரே சூட்டுவது அறிவியலுக்கு அழகன்று.